பழைய ராணுவ ஹெல்மெட் உறைகள்: எதில் தொடங்குவது, அசலை எப்படிப் பார்ப்பது

கேள்வி இதுதான்: "என்னிடம் பழைய அமெரிக்க எம்1 ஹெல்மெட் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு துணி உறை தேடப் போய், இப்போது உறைகளையே சேகரிக்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. எதில் தொடங்கலாம்? அசலா போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கியதை எப்படிப் பாதுகாப்பது?"

நல்ல துறையைத்தான் தொட்டிருக்கிறீர்கள். ஹெல்மெட் இரும்பு. அதற்கு மறுபடி மறுபடி பெயிண்ட் அடித்திருப்பார்கள், உள்பாகங்களை மாற்றியிருப்பார்கள். உறை துணி என்பதால் அதில் ஏறிய வெயில், வியர்வை, துரு, பேனா மை எதுவும் லேசில் போகாது. அந்தத் தடங்கள் எந்த வரிசையில் விழுந்தன, எது முதலில் எது பிறகு என்று பார்க்கப் பழகிவிட்டால், அசல் எது என்ற கேள்வியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கீழே நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்.

முதலில் நேரடியான பதில். வியட்நாம் போர்க்காலத்து மிட்செல் உறையில் தொடங்குங்கள். ஒரு பக்கம் பச்சை இலைகளும் கிளைக்கோடுகளும், மறுபக்கம் பழுப்பு நிற மேகத் திட்டுகளும் அச்சிட்ட, இரண்டு பக்கமும் திருப்பிப் போடக்கூடிய பருத்தி உறை அது. 1950களில் அமெரிக்க மரைன் படைக்கு வந்தது, பிறகு தரைப்படையும் எடுத்துக்கொண்டது. ஏராளமாகத் தைத்ததால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் எம்1 மேல் அப்படியே உட்காரும். எழுத்தோ சின்னமோ இல்லாத வெறும் மிட்செல் உறையைப் போலியாகச் செய்து யாரும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. ஆகவே அசல் துணி எப்படி இருக்கும் என்று கை பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. மரைன் படையின் ஃப்ராக்ஸ்கின் உறைகளும் ஜெர்மானிய உறைகளும் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் கையில் பத்து மிட்செல் உறையைப் புரட்டிப் பார்க்காதவர் அந்தப் பக்கம் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உறை எதற்கு வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எந்த உறையில் எதை எதிர்பார்க்கலாம் என்பது அதிலிருந்துதான் புரியும். ஜெர்மானியர்களின் பிக்கல்ஹௌபே, அதாவது கூர்முனை வைத்த தோல் ஹெல்மெட், பித்தளைக் கழுகுச் சின்னத்தோடு பளபளக்கும். களத்தில் அந்தப் பளபளப்பு உயிருக்கு ஆபத்து. அதனால் 1892லேயே அதற்குத் துணி உறை கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த உறையின் முன்பக்கத்தில் ரெஜிமென்ட் எண்ணைப் பெரிதாகச் சிவப்பில் போட்டார்கள். 1914ல் போர் தொடங்கியதும் சிவப்பு எடுப்பாகத் தெரிகிறது என்று பச்சைக்கு மாற்றினார்கள், 1916ல் எண்ணே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். எண்ணைப் பிரித்தெடுத்த உறையில் பழைய தையல் துளைகளும், எண் மறைத்திருந்த இடத்தில் சாயம் போகாத துணியும் நிழல் போலத் தெரியும். போரின் நடுவில் கூர்முனையைக் கழற்றி வைக்கும்படி ஹெல்மெட்டையே மாற்றியபோது, முனைக்கான கூம்பு இல்லாத உறைகளும் வந்தன. ஒரு துணியை வைத்து அது எந்த வருஷத்துக்கு முன், எந்த வருஷத்துக்குப் பின் என்று இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிவது இந்தத் துறையின் பெரிய சுகம்.

பிரெஞ்சுப் படையின் கதை வேறு மாதிரி. 1915ல் வந்த அட்ரியன் ஹெல்மெட்டின் நீல பெயிண்ட் வெயிலில் மின்னியது. உடனே துணி உறை தைத்துக் கொடுத்தார்கள். பதுங்குகுழிச் சேற்றில் ஊறிக் கிடந்த அந்தத் துணி, ஹெல்மெட்டில் குண்டுச்சிதறல் பட்டபோது அழுக்கோடு காயத்துக்குள் போய்ச் சீழ் வைத்தது. மருத்துவர்கள் இதைக் கவனித்துச் சொன்ன பிறகு, 1916ல் உறையைக் கைவிட்டார்கள். இப்படிக் குறுகிய காலமே புழக்கத்தில் இருந்ததால் அசல் அட்ரியன் உறை அரிது. யாராவது கொத்தாக விற்க வைத்திருந்தால் சந்தேகப்படுவதுதான் சரி.

சரி, மிட்செல் உறைக்கு வருவோம். கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது வெட்டும் தையலும். இரண்டு அரைத்துண்டுகளை நடுவில் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் முன்னிருந்து பின்னாக உச்சி வழியே ஓடும். விளிம்பில் தொங்கும் மடிப்புகளை இரும்புக்கூட்டுக்கும் லைனர் என்ற உள்கூட்டுக்கும் நடுவில் செருகிவிட்டால் உறை இறுகி உட்காரும். ஊசியோ பசையோ தேவையில்லை. துணியில் அங்கங்கே சின்னக் கீறல்கள் இருக்கும். இலை, குச்சி செருகுவதற்காக வைத்தவை அவை. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானுக்குப் போடுவது போலக் காஜா போட்டு முடித்திருக்க வேண்டும். வெறுமனே கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட கீறல் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, மடிப்புகளின் உள்பக்கம் கறுப்பு மையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பல உறைகளில் மங்கியிருக்கும், சிலவற்றில் இருக்காது. இருந்தால் அது பெரிய உதவி. ஒப்பந்த எண் டி.எஸ்.ஏ. என்று தொடங்கினால், அது அமெரிக்கப் பாதுகாப்பு வழங்கல் முகமையின் ஒப்பந்தம். அந்த அமைப்பு 1961ல் உருவானது, 1977ல் டி.எல்.ஏ. என்று பெயர் மாறியது. ஆகவே டி.எல்.ஏ. முத்திரை போட்ட உறை வியட்நாமுக்குப் போயிருக்க வழியே இல்லை. அதற்கும் முந்தைய ஒப்பந்தங்களில் க்யூ.எம். என்ற எழுத்துகளைப் பார்க்கலாம், அது ராணுவத்துக்குச் சரக்கு வழங்கும் குவார்ட்டர்மாஸ்டர் பிரிவைக் குறிக்கும். 1960களின் பிற்பகுதியில் வந்த எண்களில் 100 என்பதற்குப் பிறகு 67, 68 என்று இரண்டு இலக்கம் வரும். அது நிதியாண்டு. அன்றைய அமெரிக்க நிதியாண்டு ஜூலையில் தொடங்கியது. எனவே 68 என்றால் 1967 ஜூலையிலிருந்து 1968 ஜூன் வரை. அது ஒப்பந்தம் போட்ட காலம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். தைத்து, கப்பலேற்றி, ஒரு சிப்பாயின் தலைக்குப் போய்ச்சேர மேலும் பல மாதம் ஆகியிருக்கும்.

இன்னொரு அடையாளம் சரக்கு எண். 1974 செப்டம்பர் வரை அமெரிக்க ராணுவச் சரக்குகளுக்கு 11 இலக்க எண். அதன் பிறகு முதல் நான்கு இலக்கத்துக்கு அடுத்து 00 அல்லது 01 என்று இரண்டு இலக்கத்தைச் சேர்த்து 13 இலக்கம் ஆக்கினார்கள். முத்திரையில் இலக்கங்களை எண்ணிப் பார்த்தால் போதும். பதின்மூன்று இலக்கம் உள்ள உறையின் மேல் "கே சான் 1968" என்று வியட்நாம் போர்க்களம் ஒன்றின் பெயர் எழுதியிருந்தால், எழுதியவர் சிப்பாய் அல்ல என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடலாம். சிரிக்காதீர்கள், இந்த வகைப் பொருளை நம்பி வாங்கிய அனுபவசாலிகள் நிறைய இருக்கிறார்கள். எழுத்து மனதைத் தொட்டுவிட்டால் முத்திரையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றாது.

அப்புறம் தேய்மானம். இதில்தான் நிதானம் வேண்டும். உண்மையில் அணிந்து திரிந்த உறையில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. இரும்பு விளிம்பு துணியை அழுத்தும் வளையத்தில் நூல் முதலில் தேயும். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் கவிழ்த்து வைப்பார்கள், அதன் மேல் உட்காருவார்கள். அதனால் விளிம்புக்கு அடுத்தபடி உச்சியில் தேயும். வெளியே தெரியும் பகுதி வெயிலில் வெளுத்திருக்கும், உள்ளே செருகிய மடிப்புகள் மட்டும் புதுத்துணி போலப் பளிச்சென்று இருக்கும். ஹெல்மெட்டைச் சுற்றி ஒரு பச்சை எலாஸ்டிக் பட்டை போடுவார்கள். அந்தப் பட்டை மறைத்த இடம் ஒரு வளையமாகச் சாயம் போகாமல் நிற்கும். பட்டையில் கொசு மருந்துக் குப்பியையும் சிகரெட் பெட்டியையும் செருகி வைத்துப் போரில் திரிந்த புகைப்படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குப்பி உரசிய இடம் தனியாகப் பளபளத்து வழுவழுப்பாக இருப்பதையும் சில உறைகளில் காணலாம். உள்பக்கம், இரும்பு பட்ட இடங்களில் துருப்புள்ளி. இவை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

பழசாக்கிய உறையில் இந்த ஒத்துப்போதல் இருக்காது. டீ டிகாஷனில் முக்கி எடுத்தால் கறை எல்லா இடத்திலும் சமமாக ஏறும். மடிப்பின் உட்புறத்தில், தையலின் இடுக்கில், காஜா நூலின் அடியில்கூட அதே பழுப்பு. அசலில் தையல் இடுக்கை விரலால் லேசாக விரித்துப் பார்த்தால் அங்கே துணி தன் முதல் நிறத்தில் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த உறையில் விளிம்பு வளையத்தில் தேய்மானம் இருக்காது, கண்ணில் படும் இடமாகப் பார்த்துத் தேய்த்திருப்பார்கள். ஒரு பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச்சும் இருந்தால் இது அத்தனையும் தெரியும்.

எழுத்துள்ள உறைகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். வியட்நாமில் சிப்பாய்கள் உறையில் பெயர், ஊர், காதலியின் பெயர், சமாதானக் குறி, மாதக் காலண்டர் என்று எழுதினார்கள். தரைப்படையினர் அங்கே இருக்க வேண்டிய காலம் 12 மாதம். மரைன்களுக்குப் போரின் பெரும்பகுதியில் 13 மாதம். காலண்டரில் மாதங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். இதெல்லாம் உண்மை. இந்த உண்மை எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் போலியும் இதே வடிவத்தில் வருகிறது. அசல் பழைய உறை, அசல் தேய்மானம், மேலே மட்டும் புது எழுத்து. இதைப் பிடிப்பதற்கு ஒரே வழி, மை முதலில் வந்ததா தேய்மானம் முதலில் வந்ததா என்று பார்ப்பது. 1968ல் எழுதிய எழுத்தின் மேல் அதன் பிறகு வெயிலும் மழையும் உரசலும் விழுந்திருக்கும். நூல் தேய்ந்த இடத்தில் மையும் சேர்ந்தே போயிருக்கும். ஓர் எழுத்து, தேய்ந்து நூல் பிரிந்த இடத்தைக் கடக்கும்போது அங்கே விட்டுப்போயிருக்க வேண்டும். அப்படி இல்லாமல், பிரிந்து நிற்கும் நூல்முனைகளின் உள்ளேயும் மை ஏறியிருந்தால், துணி தேய்ந்த பிறகு எழுதியது அது. துருப்புள்ளிக்கு மேலே மை போகிறதா, மைக்கு மேலே துரு வந்திருக்கிறதா என்பதும் அதே கேள்விதான். பட்டை மறைக்கும் வளையத்துக்குள் எழுத்து தொடர்கிறதா என்றும் பாருங்கள். பட்டைக்கு அடியில் உள்ள பகுதி வெளுக்காமல் கறுப்பாகவும், வெளியே உள்ளது பழுப்பாக மங்கியும் இருந்தால் நல்ல சகுனம்.

உறையின் உள்ளே ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்தோடு ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சேர்த்து அமெரிக்கத் தரைப்படையில் துணிமணிகளுக்குப் போடும் சலவைக்குறி அது. ஒரு முழுப்பெயர் கிடைத்து, அவருடைய குடும்பத்தைத் தேடும் ஆசை வந்தால், அவர்களுக்கு அது வேண்டுமா என்பதை முதலில் மெல்லக் கேளுங்கள். சில குடும்பங்களுக்கு அது திரும்பத் திறக்க விரும்பாத பெட்டி.

ஃப்ராக்ஸ்கின் உறை இதைவிட அழகு, ஆபத்தும் அதிகம். தவளைத்தோல் போன்ற புள்ளிகளால் வந்த பெயர். வடிவமைத்தவர் நார்வெல் கில்லெஸ்பி என்ற தோட்டக்கலை வல்லுநர்; தோட்டப் பத்திரிகை ஆசிரியரும்கூட. ஒரு பக்கம் ஐந்து நிறத்தில் பச்சை, மறுபக்கம் மூன்று நிறத்தில் பழுப்பு. காட்டுக்கு ஒன்று, கடற்கரை மணலுக்கு ஒன்று. 1943 நவம்பரில் பசிபிக் கடலின் தராவா தீவில் இறங்கிய மரைன்களின் தலையில் இதைப் பார்க்கலாம், 1945 பிப்ரவரியில் இவோ ஜிமாவிலும் பார்க்கலாம். பிரான்சின் நார்மண்டியில் 1944ல் இதே வடிவத்தில் சீருடை போட்ட அமெரிக்கத் தரைப்படையினரை, உருமறைப்பு உடுத்திய ஜெர்மானிய எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) ஆட்கள் என்று சொந்தப் படையே தவறாக எண்ணியது. அங்கே அந்தச் சீருடையை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இந்த வடிவம் நமக்குப் பசிபிக் போரோடு ஒட்டிக்கொண்டது.

இதில் சேகரிப்பாளர்கள் முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பார்கள். முதல் வகையில் இலை செருகும் காஜாக்கள் கிடையாது, இரண்டாம் வகையில் உண்டு. போருக்குப் பின் வந்தவற்றில் மரைன் படையின் கழுகு, பூகோளம், நங்கூரம் சேர்ந்த சின்னத்தை அச்சிட்டவை இருக்கின்றன. போர்க்காலத்து உறையில் அந்தச் சின்னத்தைப் பின்னால் ஸ்டென்சில் வைத்துப் போட்டு விலையேற்றுவது பழைய தந்திரம். சின்னத்தின் மையும் தேய்மானமும் எந்த வரிசையில் வந்தன என்ற அதே சோதனையை இங்கேயும் செய்யுங்கள். துணியைப் பொறுத்தவரை, அசல் ஹெர்ரிங்போன் ட்வில்லில் நெய்தது. பூதக்கண்ணாடியில் மீன்முள் போல எதிரெதிராகச் சாய்ந்த கோடுகள் வரிசையாகத் தெரியும். மறுபதிப்புகளும் அதே நெசவில் வருகின்றன, ஆனால் முள்வரிசையின் அகலமும் துணியின் கனமும் மாறும். இதை எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஓர் அசலையும் ஒரு மறுபதிப்பையும் அருகருகே வைத்துத் தடவிப் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் புரியும். அருங்காட்சியகத்திலோ மூத்த சேகரிப்பாளரிடமோ அந்த வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஜெர்மானிய உறைகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். 1930களின் பிற்பகுதியில் எஸ்.எஸ். படைக்காக ஓட்டோ ஷிக் என்ற பேராசிரியர் உருவாக்கிய அச்சுகள் உருமறைப்பு வரலாற்றில் மைல்கல். இன்று நாம் சொல்லும் பிளேன் ட்ரீ, ஓக் லீஃப் போன்ற பெயர்கள் பின்னால் சேகரிப்பாளர்கள் வைத்தவை. உறையின் முன்பக்கம் ஹெல்மெட்டின் முன்விளிம்பில் மாட்டும் ஒரு பை போல இருக்கும். பக்கங்களிலும் பின்னாலும் சுருள்வில் வைத்த உலோகக் கிளிப்புகள் கவ்விப் பிடிக்கும். ஆரம்பத்தில் அலுமினியம், பிறகு இரும்பு. 1942 வாக்கில் இலை செருகும் துணிவளையங்கள் சேர்ந்தன. இத்தனை விவரம் இருப்பதால் போலி செய்பவர்களும் அத்தனையையும் படித்துவிட்டுத்தான் செய்கிறார்கள். இதில் மிகக் கடினமானது, அசல் துணியிலேயே தைத்த போலி. செல்ட்பான் என்ற முக்கோணக் கூடாரத்துணி அதே அச்சில் ஏராளமாக மிஞ்சியது, அதை வெட்டி உறை தைத்துவிடுகிறார்கள். துணி அசல், சாயம் அசல், வயது அசல். எனவே துணியைச் சோதித்துப் பயனில்லை. தையலுக்குக் குறுக்கே வெளுப்பு எப்படிப் போகிறது என்று பாருங்கள். கூடாரத்தில் மடித்து வைத்த கோடு இரண்டு துண்டுகளிலும் தொடர்பே இல்லாமல் போய்த் தையலில் முட்டி நிற்கும். அடைத்த பொத்தான் துளை, பிரித்த தையலின் ஊசித்துளை வரிசை இவையும் காட்டிக்கொடுக்கும். இத்தாலியர்களின் 1929 உருமறைப்புத் துணிக்கும் இதே தொல்லை உண்டு. உலகில் பெருமளவில் அச்சிட்ட முதல் ராணுவ உருமறைப்பு அது. பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து தயாரித்ததால், போருக்குப் பிந்தைய துணியில் தைத்துப் போர்க்கால உறை என்று விற்பார்கள்.

ஜப்பானியத் தரைப்படை உறைகளில் முன்பக்கம் துணியில் வெட்டித் தைத்த நட்சத்திரம் இருக்கும், கடற்படையினருடையதில் நங்கூரம். விளிம்பில் இழுத்துக் கட்டும் கயிறு. நட்சத்திரத்தைப் பிற்காலத்தில் தைத்துச் சேர்த்திருக்கிறார்களா என்று அதன் அடியில் வெளுப்பைப் பாருங்கள், அதே விதி.

குறைந்த செலவில் தொகுப்பை விரிக்க வேண்டுமானால் பனிப்போர்க்காலமும் அதன் பிறகும் வந்தவற்றைப் பாருங்கள். சிவப்புத் திட்டுகள் கலந்த சுவிஸ் ஆல்பன்ஃப்ளாஜ், ஜெர்மனியின் ஃப்ளெக்டார்ன், பிரிட்டனின் மார்க் 6 ஹெல்மெட்டுக்கான டி.பி.எம்., அமெரிக்கக் கெவ்லார் (உறுதியான செயற்கை இழை) ஹெல்மெட்டின் வுட்லேண்ட் போன்ற உருமறைப்பு அச்சுகள், 1991 வளைகுடாப் போரில் கண்ட ஆறு நிறப் பாலைவன உறை. இவற்றைப் போலி செய்யக் காரணமே குறைவு. ஐம்பது வருஷம் கழித்து இவையும் அரிதாகத்தான் போகும். இப்போது நல்ல நிலையில் எடுத்து வைப்பவரைப் பின்னால் வருபவர்கள் வாழ்த்துவார்கள்.

இனிச் சில சோதனைகள். புற ஊதா டார்ச் பலரும் சொல்வது. இருட்டில் அடித்தால் துணியோ நூலோ பளீரென நீலவெள்ளையாக ஒளிரும். அது வெண்மையூட்டும் ரசாயனம். அது பரவலானது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. எனவே போர்க்கால உறையில் தையல் நூல் மட்டும் ஒளிர்ந்தால் பலத்த சந்தேகம். ஆனால் முழு உறையும் ஒளிர்ந்தால், யாரோ அசலை இன்றைய சலவைத்தூளில் துவைத்திருக்கவும் கூடும். ஒளிரவில்லை என்பதாலும் அசல் ஆகிவிடாது. வெண்மையூட்டி இல்லாத புதுத்துணி சுலபமாகக் கிடைக்கிறது. நூல் சோதனை இதைவிட உறுதி. தானாக உதிர்ந்து தொங்கும் ஓர் இழையை, உரிமையாளர் அனுமதித்தால் மட்டும், எடுத்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும். பாலியெஸ்டரைக் கண்டுபிடித்ததே 1941ல்தான், சந்தைக்கு வந்தது 1950களில். தராவாவில் போட்டதாகச் சொல்லும் உறையில் பாலியெஸ்டர் நூலுக்கு இடமே இல்லை. பிற்காலத்தில் ஒரு கிழிசலைத் தைத்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் இருக்கலாம்.

விற்பவர் சொல்லும் வரலாற்றைக் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் துணியில் கண்டதற்கு மட்டும் விலை கொடுங்கள். நல்ல விற்பனையாளர் உள்பக்கம், மடிப்பு, தையல் இடுக்கு, முத்திரை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பத் தயங்கமாட்டார். அசல் இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதியும் தருவார். இரத்தக்கறை, குண்டு துளைத்த ஓட்டை என்று விளம்பரம் செய்பவரிடமிருந்து தள்ளியே நில்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி குற்றம். பார்படாஸ், ஜமைக்கா போன்ற கரீபியன் நாடுகளில் பொதுமக்கள் உருமறைப்பு உடை அணியவே தடை. உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் முதல் விதி: துவைக்காதீர்கள். வியர்வைக்கறையும் மண்ணும் துருவும்தான் அந்த உறையின் சாட்சியம். ஒரு தடவை நீரில் போட்டால் மை கசியும், முத்திரை போய்விடும், பிறகு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. தூசி தட்ட வேண்டுமென்றால் மென்மையான தூரிகையும், வாயில் வலைத்துணி கட்டிய குறைந்த வேக வேக்யூம் கிளீனரும் போதும்.

இரண்டாவது, உறையை ஹெல்மெட் மேலேயே நிரந்தரமாக வைத்திருக்காதீர்கள். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும், எம்1 மேல் போட்டுப் பார்க்கத்தானே வாங்கினீர்கள். ஆனால் இரும்புத் துரு பருத்தி இழையை உள்ளிருந்து அரிக்கும். துருப்பிடித்த இடம் சில வருஷத்தில் உடைந்து பொடியாக உதிர்வதைப் பார்க்கலாம். இறுக்கமான விளிம்பு மேலே இழுத்து மாட்டினால் பழைய தையல் நூல் பட்டென்று அறும். கண்காட்சிக்கு வைக்க வேண்டுமென்றால் அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தையோ பாலித்தீன் நுரையையோ ஹெல்மெட் வடிவில் அமைத்து அதன் மேல் போடுங்கள். எலாஸ்டிக் பட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பழைய ரப்பர் இளகிப் பிசினாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்க வழி கிடையாது.

வெளிச்சத்தில், ஜவுளிக்கு 50 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. மங்கலான அறை வெளிச்சம் அது. ஜன்னல் ஓரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் வெளுத்துப்போகும். வெளுத்த சாயம் திரும்பி வராது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, அதிகம் ஏறி இறங்காமல் இருந்தால் பூஞ்சணம் வராது. பிளாஸ்டிக் பெட்டி என்றால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலித்தீன். பி.வி.சி. உறைகளும் பைகளும் நாளடைவில் அமில ஆவி விடும், அவற்றை வீட்டிலேயே வைக்காதீர்கள். மடிக்க நேர்ந்தால் மடிப்புக்குள் டிஷ்யூவைச் சுருட்டி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள்.

அந்துப்பூச்சி கம்பளியைத்தான் விரும்பும், ஆனால் வியர்வை ஊறிய பருத்தியையும் விடாது. பருத்திக்கு முக்கிய எதிரி ராமபாணப் பூச்சி, கஞ்சி போட்ட துணி என்றால் கேட்கவே வேண்டாம். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி உங்கள் மூச்சுக்கும் நல்லதல்ல, பெட்டியில் உள்ள பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். புதிதாக வாங்கிய எந்த உறையையும் மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் மூடி, −20 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் விட்டுவிடுங்கள். குளிர்ந்த துணி மேல் நீர் கோத்து நனையாமல் இருக்கத்தான் இந்தப் பொறுமை. உலோகக் கிளிப் உள்ள உறைக்கும், பெயிண்ட் தடிமனாகப் பூசிய உறைக்கும் இந்த முறை வேண்டாம். அவற்றைத் தனிப் பையில் போட்டுச் சில வாரம் பூச்சி நடமாட்டம் இருக்கிறதா என்று கவனித்தால் போதும்.

வாங்கிய அன்றே ஒவ்வொரு உறைக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு, விற்றவர் என்ன சொன்னார், நீங்கள் துணியில் கண்டது என்ன. கடைசி இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள். படம் எடுக்கும்போது முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், மங்கிய எழுத்துகூடப் படிக்க வரும். அடையாள எண்ணை உறையில் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். பென்சிலில் எண் எழுதிய சின்னப் பருத்தி நாடாவை, மடிப்பின் ஓரத்தில் ஏற்கெனவே இருக்கும் துளை வழியே தளர்வாகக் கட்டிவிடுங்கள்.